பூனை படுத்த எர்த் பெட்டி

அத்தியாயம் 6

அன்று மாலை ஐந்து மணிக்குள் நாங்கள் ஒரு பேரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஓர் அண்ணன் தன் கூடப்பிறந்த தம்பி மேல் போலீஸில் புகார் கொடுத்துவிடுவார். புகாரை டைப் அடித்து, மூன்றாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டே எங்களிடம் பேசினார் மனிதர். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நாங்கள் என்றால் சர்வேயர் மேடமும் நானும். மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கோடவுன்களைப் பார்வையிட்டவர். தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவார். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கும் முகங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன். மேடம் இன்னும் என்னைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார். துணைத் துப்பறிவாளர் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புகாரோடு உட்கார்ந்திருந்தவர் விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுகிற இசைக்காரர். சோப்பு, சைக்கிள், தலைவலி மாத்திரை என்று நாம் குளிக்கும்போது நம்மை அறியாமல் முணுமுணுக்கிற மெட்டுகளில் பாதி இவருடையவை. சமீபத்தில் இவர் போட்ட மூன்று மெட்டுகள், இவர் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்பே எதிர்க் கம்பெனியின் விளம்பரங்களில் வந்துவிட்டன. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் அந்தக் கம்பெனி வாயைத் திறக்கவில்லை.

"என் மெட்டு கடைசியா முடிவாகிறது இந்த ரூம்லதான்," என்றார் இசைக்காரர். "இதுக்குள்ள வர்றது மூணே பேரு. நான், ரெக்கார்டிங் பண்ற என் தம்பி, எங்க அக்கா. அக்காவுக்கு சங்கீதத்துல ஒண்ணும் தெரியாது. ஓரமா உக்காந்து சும்மா முணுமுணுத்துட்டு இருப்பா. அப்போ மிச்சம் யாரு?"

"ஃபோன்ல யாராவது பதிவு பண்ணியிருந்தா?" என்றேன்.

"ஃபோன் இந்த வாசப்படி தாண்டாது. சிக்னல் பட்டா சவுண்டு அழுக்காயிடும்."

உண்மைதான். அறை வாசலில் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விடுவதுபோல எங்கள் ஃபோன்களை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தோம்.

"தம்பியை வெளிய அனுப்பிப் பதினெட்டு நாளாச்சு. அன்னிலேர்ந்து ஒரு மெட்டுகூட வெளிய போகல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போலீஸுக்கு முன்னாடி ஒரு தடவை உங்களைப் பாருன்னு வீட்ல சொன்னாங்க. அதுக்காகத்தான் கூப்பிட்டேன்."

எங்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு. நடுவில் ஒரு மேஜையில் ஆம்ப்ளிஃபயர், அணைந்து கிடந்தது. விரல் தடிமனில் கேபிள்கள். அவை தரையில் படக்கூடாதென்று சின்னச் சின்ன மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு கறுப்பு மரப்பெட்டி, அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கும் இன்னொன்று சுவர் பிளக்குக்கும் போனது.

"இது என்ன சார், பூனைக்குக் கட்டிலா?"

இசைக்காரர் முகம் சுருங்கியது. "அது எர்த் பெட்டி. எல்லா மெஷின்லயும் கரண்டோட கரண்டா கொஞ்சம் அழுக்கும் ஓடும். ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் கேக்குமே, அது. வீட்டு எர்த்ல ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஏற்கெனவே குப்பையைக் கொட்டி வச்சிருக்கும். இந்தப் பெட்டிக்குள்ள செம்புத் தகடும் கனிமப் பொடியும் அடைச்சிருக்கு. இரைச்சலை இழுத்து வாங்கிக்கும். அப்போதான் நிசப்தம்னா என்னன்னு தெரியும்."

"வீட்டுக்கு செப்டிக் டேங்க் மாதிரி."

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தண்ணீர் டம்ளர்களோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர். காது மெஷின் ரிப்பேர் கடையில் வேலை, மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாராம். ஆள்காட்டி விரல் நுனியில் சூடு பட்டுப் பட்டுக் காய்த்திருந்தது.

"நல்லாச் சொன்னீங்க சார்," என்றார் அக்கா. "மண்ணை அடைச்சு வச்ச பெட்டி. மூணு வருஷமா நானும் காதைத் தீட்டிட்டுக் கேக்கறேன், ஒரு வித்தியாசமும் தெரியல. இவன்தான் அதுக்கு ஆரத்தி எடுக்காத குறை."

"உனக்குக் கேக்காதுக்கா. அதுக்குக் காது வேணும்," என்றார் இசைக்காரர். "மூணு மாசமா சவுண்டு இன்னும் அழகாயிருக்கு. உள்ளே மண்ணு நல்லா செட் ஆயிடுச்சு."

மேடம் பிளக்கைப் பார்க்கவேண்டும் என்றார். பூனை நகர்வதாக இல்லை. நான் பூனையோடு சேர்த்துப் பெட்டியை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தேன். இசைக்காரர் பாய்ந்து வந்தார். "சார், அதை அசைக்கவே கூடாது. ஒரு தடவை அசைச்சா மறுபடி செட் ஆக நாப்பது நாளாகும்."

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிளக்கில் கை வைத்தேன்.

"பிளக்கைக் கழட்டிடாதீங்க சார்," என்றார் அக்கா. "சவுண்டு கெட்டுடும்."

மேடம் நிமிர்ந்து அக்காவை ஒரு முறை பார்த்தார். பிறகு, "வேண்டாம் கண்டக்டர், விட்டுடுங்க. போலாம்," என்றார். கடிகாரத்தில் மணி இரண்டேகால்.

வெளியே வரும்போது வாசல் படியில் வரிசையாகப் பூந்தொட்டிகள். மேடம் குனிந்து ஒரு தொட்டி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். கறுப்பாக, வெயிலில் மினுமினுவென்று இருந்தது. "செடிக்கு நல்ல சாப்பாடு," என்று சொல்லிவிட்டு ஒரு சிட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். சாம்பல் கிளறிய கை, சும்மா இருக்காது.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டார். "கண்டக்டர், பூனை எங்கே படுக்கும்?"

"எங்க வேணா படுக்கும் மேடம். எங்க வீட்ல, என் மனைவி துவைச்சு மடிச்ச துணி எங்க இருக்கோ அங்க."

"அந்த ரூம்ல மெத்தை போட்ட சோபா இருந்துச்சு. கம்பளம் இருந்துச்சு. ஏசி வேற குளிரா ஓடிட்டிருந்துச்சு. அது ஏன் மரப்பெட்டி மேல போய்ப் படுத்துச்சு?"

பெட்டியைத் தூக்கியபோது என் உள்ளங்கைக்கு இதமாக இருந்தது நினைவுக்கு வந்தது. "அடியில வெதுவெதுன்னு இருந்துச்சு மேடம். பூனை படுத்த சூடுன்னு நினைச்சேன்."

"பூனை மேல படுத்திருந்துச்சு. நீங்க பிடிச்சது அடியில. மண்ணும் செம்பும் எதுக்குச் சூடாகணும்?"

பதில் தெரிந்தவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

எர்த் பெட்டி செய்கிறவரின் பட்டறை, டயர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு நீள அறை. ஊரில் மண்ணுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். சுவரெல்லாம் சல்லடைகள், வாளி வாளியாகப் பொடிகள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சலித்துக்கொண்டிருந்தவர், இசைக்காரரின் பேரைச் சொன்னதும் துணியை இறக்கினார்.

"எப்படிக் கேக்குதாம்?"

"மூணு மாசமா இன்னும் அழகாயிருக்காம்," என்றேன்.

மண்ணுக்காரர் முகத்தில் பிள்ளை பாஸானது போல ஒரு சந்தோஷம். "நான் சொன்னேன்ல? பொறுமையா இருக்கணும்னு."

"அதே மாதிரிப் பெட்டி ஒண்ணைப் பார்க்கலாமா?" என்றார் மேடம்.

"மேஜைக்கு அடியில இருக்கு, எடுங்க."

நான் ஸ்டைலாக ஒரு கையைக் கொடுத்து இழுத்தேன். பெட்டி அசையவில்லை, என் தோள்தான் அசைந்தது. இரண்டு கையும் கொடுத்து, மூச்சைப் பிடித்து, மேஜை மேல் வைப்பதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் இடுப்பு பிழைத்திருக்கும்.

"அங்கே பூனையோட சேர்த்து ஒத்தைக் கையில தூக்கினீங்க," என்றார்.

மேடம் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நீட்டினார். மண்ணுக்காரர் அந்தச் சிட்டிகையை விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என் பொடியாச்சே. ஏழு தடவை சலிச்சது. இது எப்படி வெளிய வந்துச்சு?"

"பூச்செடிக்குப் போட்டிருக்காங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஒரு வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ மூணு மாசமா அவர் எதைக் கேட்டாரு?"

நாங்கள் அதைச் சொல்லவில்லை. மேடம் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்தார். மூன்று பின்னில் பெரியது மட்டும் பித்தளை. மற்ற இரண்டும் வெள்ளை நைலான்.

"அந்த ரெண்டும் சும்மா, பிளக் சாக்கெட்ல நிக்கறதுக்கு," என்றார் மண்ணுக்காரர். "என் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லம்மா. எர்த் மட்டும் பட்டாப் போதும். கரண்டு பின்னு போட்டா அது எர்த் பெட்டி இல்ல, வேற ஏதோ மெஷின்."

"எல்லாருக்கும் பிளக்கைக் கழட்டக்கூடாதுன்னு சொல்லித்தான் கொடுப்பீங்களா?"

"கண்டிப்பா. என்னை நம்பறவங்க யாரும் கழட்ட மாட்டாங்க."

மேடம் வெளியே வந்து ஃபோனில் ஒருவரை அழைத்தார். "உங்க அண்ணன் வீட்டுக்கு நாலு மணிக்கு வரமுடியுமா? ஆமா, அண்ணன் இருப்பார். நான் இருக்கேன், பயப்படாதீங்க."

தம்பி எங்களுக்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுச் சாவி அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் அண்ணன் கூப்பிடாமல் உள்ளே போகவில்லை. "சாவியைத் திருப்பிக் கேக்கத்தான் கூப்பிட்டாரோன்னு நினைச்சேன் மேடம்," என்றார். அந்த ஒரு வரியிலேயே எனக்கு இசைக்காரர் மேல் கோபம் வந்துவிட்டது.

உள்ளே இசைக்காரர் தம்பியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பூனை பெட்டி மேலேயே இருந்தது. மேடம் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஐயோ மேடம்," என்றார் இசைக்காரர். "நாப்பது நாள்."

மேடம் பிளக்கை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினார். மூன்று பின்னும் பித்தளை.

நான் பூனையைத் தூக்கி சோபாவில் விட்டேன். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினோம். உள்ளே பொடியும் இல்லை, செம்பும் இல்லை. ஒரு சின்ன சர்க்யூட், அதற்குக் கரண்டு கொடுக்கிற ஒரு சின்ன அடாப்டர், ஒரு மெமரி கார்டு, பயறு அளவில் ஒரு மைக். அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். பூனையின் ஹீட்டர் அதுதான்.

இசைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். "இந்த வேலை தெரிஞ்சவன் இந்த வீட்ல இவன் ஒருத்தன்தான். பேனா கொடுங்க."

தம்பிக்குப் பதினெட்டு நாளில் பேசிப் பேசி அலுத்துப்போன முகம்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். தம்பியிடம் திரும்பினார். "இந்தப் பெட்டியால சவுண்டு நல்லாயிருக்குன்னு நீங்க நம்பறீங்களா?"

"நம்பறேன் மேடம். அண்ணனை மண்ணுக்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனதே நான்தான்."

"நம்பறவர், ஏழு தடவை சலிச்ச பொடியை அள்ளிப் பூந்தொட்டியில கொட்டுவாரா? மைக்கை ஒளிக்க இந்த ரூம்ல ஆயிரம் இடம் இருக்கு. உள்ளே இருக்கறது வெறும் மண்ணுதானேன்னு நினைச்ச ஒருத்தர்தான் அதைக் காலி பண்ணியிருக்கணும்." மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "இந்த வீட்ல அப்படி நினைக்கறது ஒரே ஒருத்தர். மூணு வருஷமா ஒரு வித்தியாசமும் தெரியலன்னு நம்மகிட்டயே சொன்னாங்க. அவங்களேதான் அடுத்த நிமிஷம், பிளக்கைக் கழட்டினா சவுண்டு கெட்டுடும்னு கண்டக்டரைத் தடுத்தாங்க. காது மெஷின் ரிப்பேர் பண்ற கைக்கு இந்தச் சின்ன மைக்கும் சர்க்யூட்டும் புதுசு இல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. டிக்கெட் எடுக்காத முகம் ஒன்று என் எதிரிலேயே நின்று தண்ணீர் கொடுத்திருக்கிறது. நான் வாங்கிக் குடித்துவிட்டு நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

"அக்காவா?" இசைக்காரர் சிரிக்கப் பார்த்தார். "மேடம், அவளுக்கு மெட்டுன்னா என்னன்னே தெரியாது."

"கார்டைப் போட்டுக் கேளுடா," என்றார் அக்கா. "உன் மெஷின்லயே போடு. நல்லாக் கேக்கும்."

தம்பிதான் போட்டார். ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொண்டது. முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், வார்த்தை இல்லாமல் முணுமுணுத்தது. எல்லோருக்கும் தெரிந்த சைக்கிள் விளம்பர மெட்டு, முதல் சுரத்திலிருந்து கடைசி வளைவு வரை. நடுவில் இசைக்காரரின் குரல். "அக்கா, அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை. இரு, எழுதிக்கறேன்." இன்னொரு பதிவு, இன்னொரு மெட்டு, அதே முணுமுணுப்பு, அதே "எழுதிக்கறேன்." பொடியும் செம்பும் இல்லாமலேயே ஒவ்வொரு மூச்சும் துல்லியமாகக் கேட்டது.

நான் இசைக்காரரைப் பார்த்தேன். ஒரு கேபிளை மாற்றினால் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது அது. இப்போது அதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் அக்கா. "விருது வாங்கின அன்னிக்கு மேடையில ஆம்ப்ளிஃபயருக்குக்கூட நன்றி சொன்னான். கீழே முதல் வரிசையில நான் உக்காந்திருந்தேன். என் மெட்டை நான் என் பேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். இது திருட்டா மேடம்?"

"அப்போ இந்தப் பதிவு எதுக்கு?"

"நான் சொன்னா நம்ப மாட்டான். அக்கா சும்மா முணுமுணுக்கறான்னு சொல்லுவான். வெளியாள் ஒருத்தர் வந்து, பெரிசா ஏதோ கண்டுபிடிச்சு, கையில கொடுத்தாத்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். அதனாலதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். பிளக்கைக் கழட்டாதீங்கன்னு தடுத்ததும் உங்க கண்ணு அதுல விழணும்னுதான்."

வீட்ல சொன்னாங்க. இசைக்காரர் சொன்ன அந்த 'வீட்ல' யாரென்று நாங்கள் கேட்கவே இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரை ஒருவர் தன் வேலைக்காக இப்படி ஆட்டிவைத்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் படுவது என்றுதான் தெரியவில்லை.

ஸ்பீக்கரில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தம்பியின் குரல். "அண்ணே, இந்தத் தடவையாவது அக்கா பேரையும் சேர்த்துப் போடலாம்ணே. பாதிக்கு மேல அவங்களோடதுதானே." அதற்கு அண்ணன், "உன் வேலை ரெக்கார்டிங். அதைப் பாரு."

தம்பி கைநீட்டி அதை நிறுத்தினார்.

இசைக்காரர் கையிலிருந்த காகிதம் நாலாக, எட்டாக மடிந்துகொண்டே போனது. "டேய்," என்றார். "வீட்டுக்கே திரும்பி வந்துடுடா. உன் ரூம் அப்படியேதான் இருக்கு."

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"அண்ணன் நம்பல, சரி. அவர் யாரைத்தான் நம்பினாரு. உனக்குத் தெரியுமேக்கா, நான் எடுக்கலன்னு. பதினெட்டு நாளா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜ்ல கிடக்கேன். ஒரு ஃபோன் பண்ணினியா?"

"முதல்ல பதிவு அவன் கைக்குப் போகட்டும்னுதான்..." அக்காவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "உன்னை வெளிய அனுப்புவான்னு நினைக்கலடா. பயந்துட்டேன். அன்னிலேர்ந்து ஒரு மெட்டுகூட யாருக்கும் கொடுக்கல, நிறுத்திட்டேன்."

"நீ நிறுத்தினதாலதான்க்கா நான் திருடன் ஆனேன்."

அந்த அறையில் உண்மையான நிசப்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எங்கள் வேலை முடிந்துவிட்டது. மணி நாலு ஐம்பது, ஐந்துக்குள் ஒரு பேரைச் சொல்லிவிட்டோம். இப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததில்லை.

தம்பி பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். அண்ணன் கையில் கொடுக்கவில்லை, அக்கா கையிலும் கொடுக்கவில்லை. காலிப் பெட்டியை நிமிர்த்தி அதன் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். கேட் சாத்துகிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

பூனை சோபாவிலிருந்து இறங்கி, பழக்கத்தில் பெட்டி மேல் ஏறிச் சாவிக்குப் பக்கத்தில் படுத்தது. சூடு இல்லை. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி படுத்துப் பார்த்தது. பிறகு இறங்கி, திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய்விட்டது.